உப்புத் தோட்டாக்கள்

மேல் யாசென், 1978 மே 9

அன்புள்ள கொழுந்தன் மோமிருக்கு அண்ணி மிலுங்கா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன், பன்றியும் நன்றாக இருக்கிறது, இரண்டு பேருக்கும் பசி குறையவில்லை. உன் முதுகு வலி எப்படி, அந்த வெளிநாட்டு லின்ஸ் ஊர்ச் சாப்பாட்டைத் தின்றும் உயிரோடுதான் இருக்கிறாயா என்று எழுது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் துரத்திவிட்டது உனக்குத் தெரியும். எழுத்து கோணலாக இருந்தால் தலையைக் கோணலாக வைத்துப் படி.

ஈஸ்டர் அன்று உன் அண்ணன் லூபிசாவின் கல்லறையில் சிவப்பு முட்டை வைத்தேன். நான் திரும்புவதற்குள் காக்கை தூக்கிக்கொண்டு போய்விட்டது. லூபிசாவுக்கு முட்டை பிடிக்காது, வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

இப்போது விஷயம். போன ஞாயிறு வேட்டைச் சங்கத் தலைவர் குவோஸ்தென் வந்தார். வீட்டில் காய்ச்சிய பிளம் ராக்கியா ஊற்றிக் கொடுத்தேன். குடித்து மீசையைத் துடைத்துவிட்டுக் கேட்கிறார்:

"மிலுங்கா, நவம்பர்ல மித்ரோவ்தான் பண்டிகை வேட்டைக்கு உங்க வீட்டுத் துப்பாக்கி யாரு கையில வரும்?"

"ஏன், நடந்து வராதா?"

"விளையாடாதம்மா. முதல் வேட்டைக்குத் துப்பாக்கி வரலைன்னா ஓக் மரத்தடி இடம் வேற வீட்டுக்குப் போயிடும். அப்புறம் ஊரு உங்க வீட்டை அணைஞ்ச வீடுன்னு சொல்லும். நான் சொல்லலை, ஊரு சொல்லும்."

"அணைஞ்ச வீடா? எங்க அடுப்புப் புகை உங்க ஜன்னல்ல இருந்து தெரியலையா, தலைவரே?"

"அடுப்பு பொம்பளையோடது. துப்பாக்கிதான் வீட்டோடது."

அவர் மருமகன் ஒப்ராத் பெண்டாட்டி வீட்டோடு வந்து தங்கியவன் இல்லையா, அவனுக்கு நிற்க இடம் கிடையாது. ஓடைக்கு மேலே பிளந்த ஓக் மரத்தடியில் உன் தாத்தா நின்றார், அப்பா நின்றார், லூபிசாவ் நின்றார். அந்த இடத்தின் மேல் அவனுக்கு ஒரு கண். அதனால் நவம்பரில் நீ வந்தே ஆக வேண்டும். எனக்காக இல்லை, ஓக் மரத்துக்காக.

இன்னொன்று. இராணுவம் சங்கத்துக்குக் கொடுத்த பழைய தோட்டாக்களில் லூபிசாவின் பங்கு ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கிறது. திறந்து பார்த்தேன், மஞ்சள் மஞ்சளாக அழகாக இருக்கின்றன. ஆனால் சில தோட்டாக்கள் குழலைத் தின்றுவிடும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தின்கிறது எது, தின்னாதது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவன் நீ. நீ வந்து சுடும்போது துப்பாக்கி ஒழுங்காக இருக்க வேண்டாமா?

பன்றியின் முத்தங்களுடன்,
மிலுங்கா


லின்ஸ், 1978 மே 27

மரியாதைக்குரிய அண்ணிக்கு மோமிரின் வணக்கம்.

நான் சுகம். முதுகு வலி அப்படியேதான். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் துப்பாக்கி உரிமத்தை மிலிசியா போலீஸிடம் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வேட்டைத் தேர்வு எழுதாமல் அதைத் தொடாதீர்கள்.

தோட்டாவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சுற்றிலும் எழுத்தும் எண்ணும் அடித்திருக்கும். அதில் ஓர் எண் ஆண்டைச் சொல்லும். ஐம்பதுகள் என்றால் உப்புத் தோட்டா என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஊசி குத்துகிற சின்ன வட்டம்தான் கேப்பு. அந்தக் காலத்துக் கேப்பு எரிந்தால் ஒரு வகை உப்பு மிஞ்சும். அது குழலுக்குள் படிந்து காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் குடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயின் இரும்பு வளையம் என்ன ஆகிறது? அதே கதைதான். மேலே பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். சுட்ட வெற்றுக் கூட்டுக்குள் எண்ணெய் போகத் துடைத்த ஆணி ஒன்றைப் போட்டு ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். கடையில் வாங்கிய புது வேட்டைத் தோட்டாவின் கூட்டிலும் இன்னொன்று. எந்த ஆணி விறுவிறுவென்று சிவக்கிறது என்று பாருங்கள். எப்படிப் பார்த்தும் தெரியவில்லையென்றால் உப்புத் தோட்டா என்றே நினைத்துக் கழுவிவிடுங்கள். வீணாகக் கழுவியதால் எந்தத் துப்பாக்கியும் கெட்டதில்லை.

கழுத்தில் விரிசல் விட்டது, பச்சை பூத்தது, குண்டு ஆடுவது, இவற்றைத் தனியாக எடுத்துச் சங்கத்தில் திருப்பிக் கொடுங்கள். அடுப்பில் போடாதீர்கள், யார் சொன்னாலும். பெட்டியில் எழுதியிருக்கும் தோட்டா அளவும் துப்பாக்கியில் அடித்திருக்கும் அளவும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள்.

நவம்பரில் வருகிறேன். மேஸ்திரியிடம் விடுப்புச் சொல்லிவிட்டேன்.

மோமிர்


மேல் யாசென், 1978 ஜூன் 25

கொழுந்தனாருக்கு, மேல் யாசெனின் புதிய வேட்டைக்காரி எழுதுவது.

சுகமாக இருக்கிறேன். உன் முதுகுக்குப் பன்றிக் கொழுப்புத் தடவு, அங்கே கிடைக்கவில்லையென்றால் நான் அனுப்புகிறேன்.

தேர்வு முடிந்தது. டவுனில் ஒரு வழுக்கைத் தலை அதிகாரி, "காட்டில் கரடியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். "ஐயா, இருபத்தாறு வருஷம் ஒண்ணோட குடித்தனம் பண்ணியிருக்கேன், சோறு போடணும்" என்றேன். சிரித்துக்கொண்டே தேறிவிட்டாய் என்று எழுதினார். இந்தக் குறும்பைக் கேட்டால் லூபிசாவ் கோபித்துக்கொள்வார், பிறகு தனியாகப் போய்ச் சிரிப்பார்.

தோட்டாவின் அடியில் 53 என்று இருக்கிறது. துப்பாக்கியின் அளவும் பெட்டியின் அளவும் ஒன்றுதான். கல் உடைக்கிற பள்ளத்தில் சங்கத்தார் முன்னால் சுட்டேன். தோள் இன்னும் கத்திரிக்காய் நிறத்தில் இருக்கிறது. குவோஸ்தென் குழலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ராக்கியா ஊத்திக் கழுவு. நல்ல ராக்கியா. அதுக்குப் போகாத அழுக்கு உலகத்துலயே இல்ல" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். இந்த ஊரில் எல்லாத் துப்பாக்கியும் ராக்கியாவில்தான் குளிக்கிறது. நானும் லூபிசாவ் இரண்டு முறை காய்ச்சி ஒளித்து வைத்திருந்ததை எடுத்து ஊற்றினேன். ஊற்றும்போது அழுகை வந்தது, குழலுக்காக இல்லை.

காலையில் குழலின் பின்பக்கத்தை மூடுகிற தாழைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே செம்மண் சாலை மாதிரி இருக்கிறது! ஆணியையும் பார்த்தேன். இராணுவக் கூட்டிலிருந்தது நரி வால் நிறம். கடைக் கூட்டிலிருந்தது அப்படியே இருக்கிறது.

மோமிர், நான் உன் வீட்டுத் துப்பாக்கியைக் கெடுத்துவிட்டேனா? சீக்கிரம் எழுது. இதைக் கொண்டுபோய் ஓக் மரத்தடியில் எப்படி நிற்பாய்?

மிலுங்கா


லின்ஸ், 1978 ஜூலை 15

அண்ணிக்கு வணக்கம். நான் சுகம், நீங்களும் பன்றியும் சுகமாக இருக்க வேண்டும்.

பயப்படாதீர்கள், ஒரே இரவின் துரு மேலாகத்தான் இருக்கும். ஆனால் ராக்கியாவை இனி மனிதர்களுக்கு மட்டும் ஊற்றுங்கள். உப்பு சாராயத்தில் கரையாது, எண்ணெயிலும் கரையாது. தண்ணீரில்தான் கரையும். ஊரே சொன்னாலும் உப்புக்கு அது தெரியாது.

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் தாழைக் கழற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுப் பின்பக்கமிருந்து குழல் வழியே ஊற்றுங்கள். தூரிகை விட்டுத் தேயுங்கள், மறுபடி வெறும் வெந்நீர். தாழின் முகத்தையும் கழுவுங்கள், அங்கேயும் உப்பு அடித்திருக்கும். சூடு ஆறுவதற்குள் துணி விட்டு ஈரம் போகத் துடைத்து, பிறகு எண்ணெய். சுட்ட அன்றே செய்ய வேண்டும், நாளை என்று வைக்கக் கூடாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் துணி விட்டுப் பாருங்கள். துணி பழுப்பாக வந்தால் மறுபடி முதலிலிருந்து.

சுடுவதற்கு முன் குழலில் எண்ணெய் தேங்காமல் துடையுங்கள். உள்ளே ஒன்றும் அடைக்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தோட்டா. சத்தம் மந்தமாக வந்தால், அடுத்ததைப் போடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

இதை நன்றாக மனதில் வையுங்கள்: விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் துப்பாக்கியைத் திருப்பாதீர்கள், தாழைத் தொடாதீர்கள். குழல் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்கட்டும். பழைய கேப்பு சில சமயம் யோசித்துவிட்டுத்தான் வெடிக்கும். மெதுவாக ஒரு பரலோக ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் காத்திருங்கள். யார் என்ன சொன்னாலும்.

விடுப்பு உறுதியாகிவிடும் போலிருக்கிறது. அண்ணன் கோட்டு எனக்குச் சரியாக இருக்குமா?

மோமிர்


மேல் யாசென், 1978 ஆகஸ்ட் 20

என் ஒரே கொழுந்தனுக்கு,

சுகம் சுகம். கோட்டு உனக்குத் தோளில் தொங்கும், பரவாயில்லை, நான் பிடித்துத் தைத்துவிட்டேன்.

வெந்நீர் ஊற்றினேன், தேய்த்தேன், குழல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சின்னப் புள்ளி. குவோஸ்தெனிடம் சொன்னேன், "தலைவரே, தண்ணிதான் மருந்தாம்." அவர், "தண்ணியா? எங்க தாத்தா காலத்துல இருந்து தண்ணிய மாட்டுக்குத்தான் குடுக்கிறோம்" என்றார். ஆனால் மறுநாள் அவர் வீட்டு வாசலில் கெட்டிலும் துப்பாக்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்லட்டுமா? ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தில் சுடுகிறேன், அன்று கழுவுகிறேன், திங்கள் பார்க்கிறேன், செவ்வாய் பார்க்கிறேன். புதனிலிருந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்சம் அதிகமாகவே சுடுகிறேனோ என்று நினைக்கிறேன். கிழக்குப் பக்கத்து வீட்டு யெவ்ரா மகளோடு டவுனுக்குப் போய்விட்டாள். இப்போது ஊரின் மேல்பக்கத்தில் நான் மட்டும்தான். நல்லதுதான், என் பாட்டைக் குறை சொல்ல ஆளில்லை.

காட்டுப் பன்றிகள் சோளத்தில் இறங்கிவிட்டன. நம் வீட்டுப் பன்றிக்கு அவமானமாக இருக்கிறது, சொந்தக்காரர்கள் இப்படித் திருடுகிறார்களே என்று. ஒப்ராத் கடையில் வைத்துச் சொன்னானாம், "மிலுங்கா அக்கா குழலைக் குளிப்பாட்டித் தாலாட்டுறாங்க, மோமிர் வரவே மாட்டான், எழுதி வெச்சுக்குங்க."

எந்தப் பஸ்ஸில் வருகிறாய் என்று எழுது.

மிலுங்கா


மேல் யாசென், 1978 செப்டம்பர் 30

மோமிர்,

சுகமா? பதில் இல்லை. தபால்காரனைப் பையைத் தலைகீழாகக் கொட்டச் சொன்னேன். "அக்கா, நானே எழுதிக் குடுக்கட்டுமா?" என்கிறான். "நீ எழுதினா ராக்கியா கேப்பே, அவன் கேக்க மாட்டான்" என்றேன். ராக்கியாவுக்குப் பிளம் பறித்தாயிற்று, பீப்பாயில் ஊறுகிறது.

முதுகு அதிகமாகிவிட்டதா? கோபமா? ஒளித்து வைத்த ராக்கியாவைக் குழலில் ஊற்றியதற்கா? அதில் பாதிதான் ஊற்றினேன். மீதி உனக்காக இருக்கிறது.

இரண்டு வரி எழுது. ஒரு வரி போதும்.

மிலுங்கா


லின்ஸ், 1978 அக்டோபர் 16

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நான் நலம். தங்கள் நலத்தை நாடுகிறேன். கடிதம் தாமதமானதற்கு மன்னிக்கவும். தொழிற்சாலையில் வேலை நெருக்கடி. இவ்வருடம் விடுப்புக் கிடைக்கவில்லை. மித்ரோவ்தானுக்கு நான் வர இயலாது.

ஓக் மரத்தடியில் நீங்களே நில்லுங்கள். உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது. அடையாளம் காணவும் கழுவவும் காத்திருக்கவும் தெரிந்துவிட்டது. நான் வந்து நின்றாலும் இதைவிட நன்றாக நிற்க முடியாது.

கோட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மோமிர்


மேல் யாசென், 1978 அக்டோபர் 27

அடேயப்பா கொழுந்தனாரே!

நான் சுகம், ஆனால் அதை விடு. இது யாருடைய கையெழுத்து? உன் எழுத்து வேலி தாண்டும் ஆடு மாதிரி இருக்கும். இதுவோ ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற பெண்களைப் போல வரிசையாக நடக்கிறது. "தங்கள் நலத்தை நாடுகிறேன்" என்றெல்லாம் பேசுகிறாய்! பெயர் என்ன? விதவையா? நம் பேச்சு இவ்வளவு நன்றாக எழுதுகிறாள் என்றால் நம் பக்கத்துப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். இருபது வருஷமாக உனக்குப் பெண் தேடித் தேடி என் செருப்புத் தேய்ந்தது, நீ சத்தமில்லாமல் முடித்துவிட்டாய். வேலை நெருக்கடியாம்!

சந்தோஷம், மோமிர். உண்மையாகச் சொல்கிறேன். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் விறகு பிளந்தேன். அதனால்தான் மையின் நிறம் மாறியிருக்கிறது, பேனா உலர்ந்துவிட்டது.

நான் நிற்கிறேன். சங்கத்தில் சொன்னபோது ஒப்ராத், "மருமக நின்னா அது வீடாகுமா?" என்றான். "மருமகன் நின்னா மட்டும் ஆகுமா?" என்றேன். கூட்டம் சிரித்தது. குவோஸ்தென் சிரிக்கவில்லை. "நிக்கட்டும், பாப்போம்" என்றார். பாப்போம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் ஒரு தப்புச் செய்தால் போதும், இடம் போய்விடும்.

கோட்டை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

மிலுங்கா


மேல் யாசென், 1978 நவம்பர் 13

அன்புள்ள மோமிருக்கும், அழகாக எழுதுகிற அம்மாவுக்கும்,

சுகமாக இருக்கிறேன், இரண்டு காதும் இருக்கிறது, எல்லா விரலும் இருக்கிறது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்று மேலே படித்தால் தெரியும்.

மித்ரோவ்தான் காலை மூடுபனி. கறுப்பு மேல்சட்டைக்கு மேல் லூபிசாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். நீதான் வரவில்லையே, தையலைப் பிரித்துக்கொண்டேன். குழலைத் துடைத்து, உள்ளே பார்த்து, நல்லதாகப் பொறுக்கி வைத்த தோட்டாவைப் போட்டு ஓக் மரத்தடியில் நின்றேன். எதிரே ஓடைக்கரை மண்மேடு. கீழே காடு கலைக்கிறவர்கள் தகரம் தட்டிக்கொண்டு வருகிறார்கள். அடுத்த இடம் குவோஸ்தெனுடையது. ஒப்ராத் அவரோடு நிற்க வேண்டும். வேட்டை நடக்கும்போது யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அவனோ நான் தவறுவதை நேரில் பார்க்க ஆசைப்பட்டு, மரத்துக்குப் பின்னால் வந்து குந்தியிருக்கிறான். எனக்கு முதலில் தெரியாது.

பன்றி வந்தது. பெரியது, ஈரமாக, மூக்கால் இலையைத் தள்ளிக்கொண்டு, ஏதோ சாமான் வாங்கக் கடைக்கு வந்தது போல மேட்டுக்குக் கீழே நடந்து வந்தது. மூச்சைப் பிடித்தேன், விசையை இழுத்தேன்.

டிக்.

அவ்வளவுதான். டிக். பன்றி என்னை ஒரு பார்வை பார்த்தது, போய்விட்டது. பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம்.

"என்னக்கா, குளிப்பாட்டினதுல சளி பிடிச்சிடுச்சா?"

ஒப்ராத் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டான். "குடுங்க இங்க, நான் பாக்கறேன்" என்று சொல்லிக் குழலுக்குக் கையை நீட்டுகிறான்.

"தொடாத!"

"அட குடுங்கக்கா, ஊரு முழுக்கச் சிரிக்கும். தாழைத் திறந்து வேற போடணும். இதுகூடத் தெரியாமலா..."

"ஒப்ராத், கையை எடுடா! பின்னால போ!"

குழல் மண்மேட்டை விட்டு நகரவில்லை. நகர்த்தத்தான் தோன்றியது, மோமிர், பொய் சொல்ல மாட்டேன். அவமானத்தில் முகம் எரிந்தது. தாழைத் திறந்து தோட்டாவை எறிந்துவிட்டால் சிரிப்பு நின்றுவிடும் போலிருந்தது. நான் தோளால் அவனை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கினேன். இரண்டாவது வரி முடியவில்லை.

வெடித்தது.

மேட்டிலிருந்து மண் எழும்பி எங்கள் இருவர் மேலும் விழுந்தது. ஒப்ராத் உட்கார்ந்துவிட்டான். நீட்டிய கையை அப்படியே நீட்டியபடி, அது யாருடைய கையோ என்று பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மிச்ச ஜெபத்தையும் சொல்லி முடித்தேன். பாதியில் விடக் கூடாது இல்லையா.

குவோஸ்தென் ஓடி வந்தார். சுட்டது பன்றியையா மருமகனையா என்று தெரியாமல் வெளுத்துப்போய் வந்தார். மேட்டைப் பார்த்தார், குழல் எங்கே பார்க்கிறது என்று பார்த்தார், ஒப்ராத் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தார்.  கீழே தகரம் தட்டுகிறவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

"டிக்னு கேட்டுச்சு. அப்புறம் வெடி. நடுவுல நீ என்ன பண்ணின?"

"நின்னேன்."

"இவன் என்ன பண்ணினான்?"

நான் தாழைத் திறந்து வெற்றுக் கூட்டை எடுத்தேன். ஒப்ராத் மண்ணைத் துடைத்துக்கொண்டே, "அக்கா குடுத்திருந்தா என் வயித்துலதான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

குவோஸ்தென் அவனைக் கையைப் பிடித்துத் தூக்கினார். "என் இடத்துக்கு வாடா. இது அவங்க இடம்." என்னைப் பார்த்து, தொப்பியைத் தொட்டார். லூபிசாவுக்குக்கூட அவர் தொப்பியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

பன்றி கிடைக்கவில்லை. எனக்கு வேறு யாரோ சுட்டதில் ஒரு தொடை அனுப்பினார்கள், வீட்டுப் பங்கு என்று சொல்லி. வீட்டுப் பங்கு! வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்துக் குழலைக் கழுவினேன்.  அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. நீ எழுதிய "யார் என்ன சொன்னாலும்" என்ற வரியைச் சத்தமாகப் படித்தேன். அது சொன்னது, நான் கேட்டேன், அவ்வளவுதான் பேச்சு.

அந்த அம்மாவிடம் சொல், உன் ஆள் எழுதிய ஒரு வரி இங்கே ஓர் ஆளைக் காப்பாற்றியது என்று.

மிலுங்கா


லின்ஸ், 1978 டிசம்பர் 1

அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் விரல்கள் எல்லாம் இருக்கின்றன என்ற இடத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

பெண் யாரும் இல்லை, அண்ணி. எழுதுகிறவர் பெயர் யானோஷ். நம் நாட்டுச் சுபோத்திட்சாக்காரர், வரைபடம் போடுகிற வேலையில் இருந்தவர், அதனால்தான் எழுத்து இப்படி. மீசை குவோஸ்தெனுடையதைவிடப் பெரியது. மருத்துவமனையில் எனக்குப் பக்கத்துக் கட்டில். இப்போது எங்கள் விடுதியில் பக்கத்து அறை. இதை எழுதச் சொன்னபோது மனிதர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், எழுது என்றேன்.

ஆகஸ்ட் கடைசியில் அழுத்த எந்திரம் என் வலது கையைப் பிடித்துவிட்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன. நடுவில் மூன்றும் இல்லை. கோட்டைத் தைத்துவிட்டேன் என்ற உங்கள் கடிதத்தை மருத்துவமனையில்தான் படித்தேன். என்ன பதில் சொல்வது? வேலை நெருக்கடி என்றேன். அப்புறம் நீங்கள் எனக்கு ஒரு பெண்ணைக் கொடுத்தீர்கள். அதை மறுக்க மனம் வரவில்லை, சில நாள் அவள் இருப்பது போலவே இருந்தது.

குழல் நகராமல் நின்றீர்கள் என்று படித்த பிறகு மறைக்கத் தோன்றவில்லை. ஆனால் அண்ணி, வரச் சொல்லாதீர்கள். விசை இழுக்கிற விரல் இல்லாதவன் ஓக் மரத்தடியில் எதற்கு? கோடரி பிடிக்க முடியாது, அரிவாள் பிடிக்க முடியாது. நான் வந்து நின்றால்தான் அது அணைந்த வீடு. இங்கே ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஓர் அறை இருக்கிறது. ஜன்னலிலிருந்து ரயில் தெரியும்.

பன்றிக்கு என் அன்பு.

மோமிர்


மேல் யாசென், 1978 டிசம்பர் 14

தம்பி மோமிர்,

நான் சுகம். நீ சுகமா என்று இத்தனை மாதம் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன், நீ சுகம் சுகம் என்று எழுதினாய், நானும் நம்பினேன். இனிமேல் கேட்க மாட்டேன், நீயே சொல்.

கடிதத்தைப் பன்றியிடம் படித்துக் காட்டினேன். சிரிக்காதே, வேறு யார் இருக்கிறார்கள்? அது தீனியை நிறுத்திக் கேட்டது. நீ கட்டுப் போட்டுக்கொண்டு அங்கே கிடந்திருக்கிறாய், நான் இங்கே உட்கார்ந்து உனக்கு ஒரு விதவையைக் கட்டிவைத்துக் கும்மாளம் போட்டிருக்கிறேன். என் நாக்கை வெட்ட வேண்டும். வெட்டினால் மேல் யாசெனில் சத்தமே இருக்காது, அதனால் விட்டுவைக்கிறேன். அந்த மீசைக்கார அம்மாவுக்கு என் முத்தம். இந்த வாரம் காய்ந்த தொடைக்கறி அனுப்புகிறேன், அவருக்கும் கொடு. எனக்கு எழுதுகிற கை நன்றாகச் சாப்பிட வேண்டும்.

நேற்றுச் சங்கத்து விருந்து. குவோஸ்தென் எழுந்து வீடு வீடாகப் பெயர் சொன்னார், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் "இருக்கோம்" என்றார். நம் வீட்டுப் பெயர் வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இருக்கோம்" என்றேன்.  ஒப்ராத் ரொட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தான். சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது, இருக்கோம் என்றால் யார் யார்? வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பனி விழுந்திருந்தது, போகும்போது நான் வைத்த தடம் மட்டும்தான் இருந்தது, அதன் மேலேயே கால் வைத்துத் திரும்பி வந்தேன்.

ஆகவே கேள். ஓக் மரம் நம்முடையதுதான், அடுத்த வருஷமும் நான் நிற்பேன், நீ நிற்க வேண்டாம். குழலில் துரு இல்லை, நீ வந்து பார்க்க வேண்டியதில்லை. விறகு பிளந்து அடுக்கியாயிற்று, சோளம் உள்ளே வந்துவிட்டது, கோடரி பிடிக்க உன்னை யாரும் கூப்பிடவில்லை. தோட்டாவைப் பற்றிக் கேட்கவும் எனக்கு ஒன்றும் பாக்கியில்லை, எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டாய். இத்தனை நாள் ஓக் மரத்துக்காக வா, துப்பாக்கிக்காக வா என்று எழுதினேன். இப்போது உன்னைக் கூப்பிட என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை.

சும்மா வா.

அண்ணி
மிலுங்கா